கலந்தால் குப்பை, பிரித்தால் சரக்கு



ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விடுதி மெஸ்ஸில் சாப்பாடு முடிந்ததும் பின்பக்கத்துத் தொட்டியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மீந்த சோறு, வாழை இலை, முட்டை ஓடு, பால் கவர், தண்ணீர் பாட்டில், கிழிந்த ரெக்கார்டு நோட்டு, தீர்ந்துபோன செல், ஷேவிங் பிளேடு, எரிந்துபோன டியூப் லைட். எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதில் மொத்தம் எத்தனை வகை என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர், "இதுல என்ன வகை? எல்லாம் குப்பைதான்" என்போம். சட்டத்தைக் கேட்டால் நான்கு வகை என்று சொல்லும். எங்கள் அப்பாவைக் கேட்டால் இருபது சொல்வார்.

எங்கள் அப்பா வட சென்னையில் மூன்று சக்கர சைக்கிளில் தெருத் தெருவாகப் போய்ப் பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எடுத்துக் காயலாங்கடையில் போடுகிறவர். அம்மா அதே கடையில் மூட்டை பிரிக்கும் வேலை செய்கிறார். முதல் வருஷம் முழுக்க இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் கட்டுரையின் கடைசியில் வரும். முதலில் ஒன்று, நான்கு, இருபது என்ற இந்த மூன்று கணக்குகளும் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

பாரிஸ் நகரத்துப் பழைய கதை

குப்பையைப் பிரித்துப் போடுவது ஏதோ புதிதாக வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. 1883-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பாரிஸ் நகரம் அடங்கிய மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த யூஜின் பூபெல் என்பவர் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்பவர்களுக்கு மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு இவற்றுக்கு ஒன்று என மூன்று வகை.

வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். கந்தலும் காகிதமும் பொறுக்கிப் பிழைத்தவர்களோ, "எங்க பொழப்புல மண்ணைப் போடுறியா?" என்று எதிர்த்தார்கள். தொட்டி நிலைத்தது, மூன்றாகப் பிரிப்பது அப்போது நிலைக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் 'பூபெல்' தான். நூற்றி நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே பிரச்சினையும் தெரிந்திருந்தது, தீர்வும் தெரிந்திருந்தது. பழக்கம்தான் வரவில்லை!

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் இதற்கு வழி திறந்தவர் அல்மித்ரா பட்டேல் என்ற பெண் பொறியாளர். 1996-இல் நகரக் குப்பைக்காக அவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அதைத் தொடர்ந்துதான் 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2016-இல் வந்த புதிய விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் உண்டாகும் அபாயகரமான குப்பை. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள் இதை நான்காக்கின.

1. ஈரக் குப்பை: சோறு, காய்கறித் தோல், பழத்தோல், இலை, பூ, முட்டை ஓடு, எலும்பு. இது உரமாகவோ எரிவாயுவாகவோ மாறும்.

2. உலர் குப்பை: காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி, ரப்பர், மரம். இது தரம் பிரிக்கும் கூடத்துக்குப் போய், அங்கிருந்து மறுசுழற்சிக்குப் போகும்.

3. சுகாதாரக் கழிவு: குழந்தைக்குக் கட்டும் டயாப்பர், சானிட்டரி நாப்கின் போன்றவை. காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. சுற்றாமல் போட்டால் இன்னொருவர் வெறும் கையால் அதை எடுக்க வேண்டி வரும். வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.

4. தனிக் கவனம் தேவைப்படும் கழிவு: பெயிண்ட் டப்பா, பல்பு, டியூப் லைட், பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதியான மருந்து. அளவில் கொஞ்சம்தான், ஆபத்தில் பெரிது.

இவை தவிர ஆஸ்பத்திரிக் கழிவு, பழைய கம்ப்யூட்டர், செல்போன் போன்ற மின்னணுக் கழிவு, பேட்டரி, கட்டட இடிபாடு ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விதிகள் உண்டு. ஆகவே தீர்ந்த செல்லும், சுவர் இடித்த செங்கலும் மெஸ் தொட்டிக்குச் சொந்தமானவை அல்ல.

வீடு வேறு, கடை வேறு

ஒரு வீட்டில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பையை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஓட்டல், கல்யாண மண்டபம், காய்கறி மார்க்கெட் அப்படியில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கே இலை வண்டிக் கணக்கில் சேரும். அதனால்தான் 2016 விதிகளிலேயே நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குபவர்களை 'பெரும் கழிவு உற்பத்தியாளர்' என்று தனியாகப் பிரித்தார்கள். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விழா என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் செய்தோம்?

2026 விதிகளில் இந்த வரையறை இன்னும் விரிந்தது. 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, அல்லது ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு, அல்லது 100 கிலோ குப்பை: இதில் ஒன்று இருந்தாலும் போதும், அந்த நிறுவனம் பெரும் உற்பத்தியாளர்தான். கல்லூரிகளும் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. ஈரக் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டியது இவர்களுடைய பொறுப்பு. இரண்டு மூன்று பிளாக் விடுதி உள்ள ஒரு பாலிடெக்னிக்கில் எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாவின் கணக்கு

சட்டம் 'உலர் குப்பை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதை, காயலாங்கடை அப்படி விடாது. பேப்பரில் மட்டும் நியூஸ் பேப்பர், நோட்டுப் புத்தகம், அட்டைப் பெட்டி, வழுவழுப்பான கலர்ப் பேப்பர் என்று பிரிவுகள். இரும்பில் கனமான இரும்பு, தகரம், வார்ப்பிரும்பு. அதற்கப்புறம் அலுமினியம், பித்தளை, செம்பு, ஈயம். பிளாஸ்டிக்கில் தண்ணி பாட்டில், பால் கவர், குடம் பக்கெட், பைப்பு, சேர் என்று தனித் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. அந்த விலையும் வாரத்துக்கு வாரம் மாறும்.

பிளாஸ்டிக் சாமான்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த முறை இது. 1 என்றால் பெட், அதாவது தண்ணீர் பாட்டில். 2 எச்.டி.பி.இ., ஷாம்பு பாட்டில், கேன். 3 பி.வி.சி., பைப்பு. 4 எல்.டி.பி.இ., பால் கவர். 5 பி.பி., சாப்பாட்டு டப்பா. 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோலும் இதுதான். 7 மற்றவை. இதில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். எண் இருந்தாலே மறுசுழற்சி ஆகும் என்று அர்த்தமில்லை. எந்தப் பொருளால் ஆனது என்பதை மட்டுமே அது சொல்லும்.

எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் வருஷ லீவில் இந்த எண்களைப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு, "நம்பரு தேஞ்ச பாட்டில் வந்தா இன்னாடா பண்ணுவ? தண்ணியில போட்டுப் பாரு" என்றார். ஒரு பக்கெட் தண்ணீரில் பாட்டிலை வெட்டிப் போட்டார். பாட்டில் துண்டு மூழ்கியது. மூடி மிதந்தது.

விடுதிக்குத் திரும்பிய பிறகு புத்தகத்தில் அடர்த்தி அட்டவணையைப் பார்த்தேன். தண்ணீர் 1. பி.பி. சுமார் 0.9, எல்.டி.பி.இ. 0.92, எச்.டி.பி.இ. 0.95, இந்த மூன்றும் மிதக்கும். பெட் 1.38, பி.வி.சி.யும் ஏறக்குறைய அதே அளவு, இரண்டும் மூழ்கும். பாலிஸ்டைரீன் 1.05, நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் மிதக்கும். தெர்மோகோல் மட்டும் உள்ளே காற்று இருப்பதால் எதிலும் மிதக்கும். பெரிய மறுசுழற்சி ஆலைகளில் பாட்டிலை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மூடித் துண்டையும் பாட்டில் துண்டையும் பிரிப்பது இதே முறையில்தான். நான் ஒரு செமஸ்டரில் படித்ததை அப்பா பக்கெட்டில் வைத்திருந்தார்! ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எரித்து மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு.

ஏன் இத்தனை பிரிவு?

"எல்லாத்தையும் சேர்த்து உருக்கினா என்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். டிப்ளமா மாணவர்களாகிய நமக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

பெட் உருகுவது சுமார் 250 டிகிரிக்கு மேல். பி.வி.சி. அந்த வெப்பம் வரை தாங்காது. அதற்கு முன்பே சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை விடும். அது பெட்டின் நிறத்தையும் பலத்தையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். ஆகவே ஒரு மூட்டை பாட்டிலில் கொஞ்சம் பைப்புத் துண்டு கலந்தால் முழு மூட்டைக்கும் விலை போச்சு.

இரும்பிலும் இதே கதைதான். பழைய மோட்டாரைச் செம்புக் கம்பியோடு அப்படியே உருக்கினால், செம்பு எஃகில் கலந்துவிடும். எஃகு ஆலையில் அதை மறுபடி பிரித்தெடுக்க முடியாது. செம்பு ஏறிய எஃகைச் சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பு வெடிக்கும். காயலாங்கடையில் காலையிலிருந்து மாலை வரை மோட்டாரை உடைத்துக் கம்பியை உருவிக்கொண்டிருப்பது பைசாவுக்காக மட்டுமல்ல, உலோகவியலுக்காகவும்தான்! அலுமினியத்தைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால், தாதுவிலிருந்து எடுப்பதைவிட சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது.

பேப்பருக்கு எதிரி ஈரமும் எண்ணெயும். பஜ்ஜி மடித்த பேப்பர் கூழாகாது. டீக்கடைப் பேப்பர் கப்பின் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதைச் சாதாரணப் பேப்பரோடு சேர்க்க முடியாது. சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு. பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டியிருப்பதால் காயலாங்கடையில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவற்றை எரிபொருளாகச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். சூளையின் வெப்பம் 1400 டிகிரிக்கும் மேல். அங்கேயும் ஈரமில்லாமல் போனால்தான் உபயோகம்.

கலந்தது எங்கே போகிறது?

சென்னையில் நாளொன்றுக்கு 5000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பல பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் அது மலையாகக் குவிந்தது. பெருங்குடி மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான்.

நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரக் குப்பை. காற்றுப் படும்படி குவித்துக் கிளறிவிட்டால் அது சூடேறி உரமாகும். அதுவே பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றில்லாமல் அமுங்கினால் மீத்தேன் வாயு உண்டாகும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு இது. தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடி மேடு பற்றி எரிந்ததைப் பலரும் பார்த்தோம். இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்கும் 'பயோமைனிங்' வேலையைத் தொடங்கினார்கள். அதற்குப் பல நூறு கோடி ரூபாய் செலவு. யோசித்துப் பாருங்கள்: சமையலறையில் ஒரு நொடியில் காசில்லாமல் செய்திருக்க வேண்டிய பிரிவினையைத்தான், பல வருஷம் கழித்துப் பொக்லைன் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

முடியும் என்று காட்டியவர்கள்

ஜப்பானில் கமிகட்சு என்ற சிற்றூர் 2003-இல் 'குப்பையில்லா ஊர்' ஆகப் போவதாக அறிவித்தது. அங்கே மக்களே கழுவிக் காயவைத்து, நிலையத்துக்குக் கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரித்துப் போடுகிறார்கள். அது சின்ன ஊர் என்று சொல்லலாம். லட்சக்கணக்கில் மக்கள் வாழும் இந்தூரில் வண்டியிலேயே ஆறு தடுப்பு வைத்துப் பிரித்து வாங்குகிறார்கள். ஈரக் குப்பை சுத்தமாக வந்ததால்தான் 2022-இல் நாளொன்றுக்கு 550 டன் குப்பையிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் ஆலையை அங்கே திறக்க முடிந்தது. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை உபயோகிக்கும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். நம் நீலகிரியிலும் 2022-இல் காலி மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. காட்டில் பாட்டில் உடைத்துப் போடுவது குறைந்து, அதன்பின் மற்ற மாவட்டங்களுக்கும் அது போனது. ஒரு பொருளுக்குத் தனிப் பெயரும் விலையும் கிடைத்துவிட்டால் யாரும் அதைக் கீழே போடுவதில்லை.

அம்மாவின் கை

இனி காரணத்தைச் சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாதம், ஒரு விடுதியிலிருந்து கடைக்கு வந்த மூட்டையை அம்மா பிரித்தார். உலர் குப்பை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். உள்ளே சாம்பார் சாதத்துக்கு நடுவில் உடைந்த டியூப் லைட். வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே நான்கு தையல். டி.டி. ஊசி. பன்னிரண்டு நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை.

நான் கோபத்தில் குதித்தேன். அம்மா அமைதியாக, "அவுங்க வேணும்னா போட்டாங்க? எது எதுல போகணும்னு யாராச்சும் சொல்லியிருந்தா செஞ்சிருப்பாங்க கண்ணு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தின வாரம் நம் விடுதியில் நானும் ஒரு பழைய பிளேடை அப்படியே தொட்டியில் போட்டிருந்தேன். காயலாங்கடைக்காரர் மகன் நான்! எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன். அது எந்த அம்மாவின் கையில் பட்டதோ!

நண்பர்களே, நான் புரிந்துகொண்டது இதுதான். குப்பையை யாராவது ஒருவர் பிரித்தே தீர வேண்டும். நாம் பிரிக்காவிட்டால், நமக்குப் பதில் இன்னொருவர் வெறும் கையால் பிரிப்பார். நாம் தொட்டியில் போடும்போது ஒரு நொடியில் முடிகிற வேலை, அவருக்கு ஒரு நாள் வேலை.

நம்மால் செய்யக்கூடியவை

மெஸ்ஸில் இரண்டு டிரம் வைப்போம். இலையும் மிச்சமும் ஒன்றில். கவரும் பாட்டிலும் மற்றொன்றில். பால் கவரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும், அதற்கும் விலை உண்டு. அந்தக் காசு மாணவர் மன்றத்துக்கே வரட்டும்.

பிளேடு, ஊசி, கண்ணாடித் துண்டை ஒரு பழைய டப்பாவில் சேர்த்து மூடி, வெளியே பெரிதாக எழுதி வைப்போம். டியூப் லைட்டை உடைக்காமல் அட்டை உறையில் வைத்துத் தனியாகக் கொடுப்போம். உள்ளே பாதரசம் இருக்கிறது. செல்லுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு டப்பா.

ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு அடியில் எஃகுச் சுருள், வார்ப்பிரும்புத் தூள், அலுமினியம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பெருக்கி அள்ளுகிறோம். வேலை மாறும்போது தட்டைக் காலி செய்தால் மூன்றும் மூன்று விலைக்குப் போகும். எண்ணெய் ஊறிய காட்டன் வேஸ்ட்டுக்கு மூடி போட்ட தகர டப்பா வேண்டும். உபயோகித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, அது அபாயகரக் கழிவுப் பட்டியலில் உள்ளது.

தோட்டத்து மூலையில் ஒரு உரக்குழி. இதற்கு மதில் ஓரம் இடமும், சிவில் பிரிவு நண்பர்களின் ஒரு சனிக்கிழமையும் போதும்.

இந்தக் கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பா கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா. பாட்டில நசுக்கிப் போடச் சொல்லு, சைக்கிள்ல எடம் அடைக்குது" என்றார். ஆகவே நண்பர்களே, பாட்டிலை நசுக்கிப் போடுங்கள்!